தண்டவாளம் பெயர்ந்த வழிகள்

பிரிட்டனில் ரயில் செழித்தோங்கியிருந்த 1914-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 23,000 மைல் நீளத்துக்கு இருப்புப்பாதை இருந்தது. இன்று ரயில் ஓடுவது 10,000 மைலுக்குச் சற்று முன்பின்னாகத்தான். மற்றது எங்கே போயிற்று என்று ஒருவர் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு தேடினால், வயல்களின் நடுவே காரணம் புலப்படாமல் நீண்டு கிடக்கும் மண்கரையாகவும், ஓடையின்மேல் யாரையும் அக்கரை சேர்க்காமல் நிற்கும் செங்கல் பாலமாகவும், ஸ்டேஷன் இல்லாத ஊரில் ஸ்டேஷன் பெயரை மட்டும் சுமந்துகொண்டிருக்கும் தெருவாகவும் அது மறைந்து கிடப்பதைக் காண்பார். இவ்வாறு கைவிடப்பட்டவற்றுள் ஒரு பகுதி, கால்நடையாகப் போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் உரிய வழியாக மாறியிருக்கிறது. அம்மாறுதல் எப்படி நேர்ந்தது, நேர்ந்தும் ஏன் அரைகுறையாகவே நின்றுவிட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த அழிவுக்கெல்லாம் டாக்டர் ரிச்சர்டு பீச்சிங் ஒருவரே காரணம் என்று அந்நாட்டு ஜனங்கள் இன்றும் பேசிக்கொள்வதுண்டு. அது முழு நியாயமன்று. அவர் வருவதற்கு முன்னரே கிளைப் பாதைகள் பல மூடப்பட்டுவிட்டன. இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பெரிய ரசாயனக் கம்பெனியிலிருந்து ரயில்வே போர்டின் தலைவராக அழைத்துவரப்பட்ட அவர், 1963 மார்ச் 27-ஆம் தேதி வெளியிட்ட அறிக்கையில், பாதையின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு பிரயாணிகளில் நூற்றுக்கு ஒருவரை மட்டுமே சுமக்கிறது என்று கணக்குக் காட்டி, 2,363 ஸ்டேஷன்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடிவிட வேண்டுமென்று சிபாரிசு செய்தார். கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். எந்த ஸ்டேஷனில் எத்தனை டிக்கெட் விற்றது என்பதுவரை நுணுகிப் பார்த்த ஒரு ராஜாங்கம், ரயில் நின்ற மறுநாள் முதல் அந்த நிலத்தை என்ன செய்வது என்பதற்கு தேசம் முழுவதற்குமான ஒரு திட்டத்தையும் வகுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் வியப்புக்குரியது.

அந்த நிலம் சாமானியமான நிலமன்று. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஆகவே சிறிய எஞ்சினும் பெரும் பாரத்தை இழுத்துவிடும். ஆனால் அதே காரணத்தினால் பிடிமானமும் குறைவு. வழி சற்றுச் செங்குத்தாக ஏறினாலும் சக்கரம் வழுக்கிச் சுழலத் தொடங்கும். இதனால், 50 அடிக்கு ஓர் அடிக்குமேல் ஏற்றம் கூடாது, வளைவுகள் அகன்றிருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தங்களுக்கு உட்பட்டே இஞ்சினீயர்கள் பெரும்பாலும் வழி வகுத்தார்கள். குன்று குறுக்கிட்டால் வெட்டியோ குடைந்தோ, பள்ளம் குறுக்கிட்டால் அந்த மண்ணைக் கொண்டே கரை கட்டியோ, ஆறு குறுக்கிட்டால் பாலம் போட்டோ சமனாக்கினார்கள். மண்வெட்டியும் கடப்பாறையும் ஏந்திய ஆயிரக்கணக்கான கூலியாட்கள், பலர் உயிரையும் கொடுத்து, எஞ்சினின் இயலாமைக்காகச் செய்த இந்தச் சமதளம், ஒரு நூற்றாண்டு கழித்து மனிதக் கால்களின் இயலாமைக்கு அப்படியே பொருந்திவிட்டது. முழங்கால் நோகும் கிழவரும், சக்கர நாற்காலியில் செல்பவரும், சைக்கிள் பழகிச் சில நாளே ஆன குழந்தையும் மலைநாட்டில் போவதற்கு இதைவிடச் சௌகரியமான மார்க்கம் இல்லை. மோட்டார் சாலைகளைப் பெரும்பாலும் மேலாகவோ கீழாகவோ கடந்துவிடுகிற வழியாதலால், குழந்தையை முன்னே போகவிட்டுத் தாய் நிம்மதியாகப் பின்னே வரலாம்.

பிரிட்டனில் இத்தகைய மாற்றம் நிகழ்ந்த பழைய இடங்களுள் ஒன்றுக்கு நம் தேசத்தோடு ஓர் உறவு உண்டு. ஸ்டாஃபோர்டுஷயர் ஜில்லாவில் மானிஃபோல்டு என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கில், 2 அடி 6 அங்குல அகலத்தில், சுமார் 8 மைல் நீளத்துக்கு ஒரு சிறிய ரயில் 1904-இல் ஓடத் தொடங்கியது. அதன் இஞ்சினீயர் எவரார்டு கால்த்ராப். இவர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், இதே அகலத்தில், மகாராஷ்டிரத்தில் சோலாப்பூரை அடுத்த பார்சி ஊருக்கு ஒரு சிறு ரயில் போட்டு, பின்னர் அது பண்டரிபுரத்து யாத்திரிகர்களையும் சுமக்கும்படி நீண்டதற்கு மூலபுருஷராயிருந்தவர். தக்காணத்தின் பொட்டல்வெளிக்கு ஏற்றபடி முகப்பில் பெரிய விளக்கு மாட்டிய எஞ்சின்களின் சாயலே ஸ்டாஃபோர்டுஷயரின் பசும்புல் நடுவிலும் தோன்றிற்று. மஞ்சள் வர்ணம் பூசிய வண்டிகள். முக்கியமான வருமானம் பால். அந்தப் பாலுக்கு ஆதாரமாயிருந்த எக்டன் பால்பண்ணை நின்றதும் ரயிலும் 1934 மார்ச்சில் நின்றது. ரயில் கம்பெனி நிலத்தை ஜில்லா சபைக்கு விட்டுக்கொடுக்க, சபை தண்டவாளத்தை அகற்றி, 1937-இல் பாதசாரிகளுக்கு வழியாகத் திறந்துவிட்டது. பீச்சிங் அறிக்கைக்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது.

இன்றைக்கும் வாட்டர்ஹவுஸஸ் ஊரில் புறப்பட்டு ஹல்ம் எண்டுவரை அவ்வழியே போகலாம். கோடையில் போனால் ஆற்றில் தண்ணீர் இராது. சுண்ணாம்புக் கல்லின் பிளவுகளில் இறங்கிப் பூமிக்குள்ளே ஓடிவிட்டு, சில மைலுக்கு அப்பால் மறுபடி வெளியே வருகிற ஆறு அது. தலைக்கு மேலே உயரத்தில் தோர் குகை வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஸ்வெயின்ஸ்லி என்னும் இடத்தில் ஒரு குட்டிச் சுரங்கம் வருகிறது. பக்கத்து மாளிகையில் குடியிருந்த சர் தாமஸ் வார்டில், தம் ஜன்னலிலிருந்து பார்க்கும்போது ரயில் கண்ணில் படக்கூடாது என்பதற்காகக் குடைந்தது என்று சொல்வார்கள். வார்டில் லீக் நகரத்துப் பட்டுச் சாயத் தொழிலதிபர். இந்தியாவின் டஸ்ஸர் பட்டுக்குச் சாயம் ஏற்றும் முறையை ஆராய்ந்தவர்; நம் நாட்டுக்கும் வந்துபோனவர். அந்த ரயில் கம்பெனியின் பங்குதாரர்களில் ஒருவருங்கூட. ரயிலின் லாபம் வேண்டும், ரயிலின் புகை மட்டும் வேண்டாம் என்ற இந்த மனோபாவம் பணக்காரர்களிடம் எந்த நாட்டிலும் அபூர்வமன்று. இப்போது அச்சுரங்கத்தினூடே மோட்டார் வண்டிகளும் போக அனுமதி உண்டு. சைக்கிளில் போகிறவர் எதிரே விளக்கு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து ஒதுங்கித்தான் நுழைய வேண்டும்.

இதற்கு அருகிலேயே பீக் மாவட்டத்துச் சுண்ணாம்பு மேட்டுநிலத்தில் மூன்று பழைய பாதைகள் பொதுமக்களுக்கு வந்திருக்கின்றன. ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹேவரை 13 மைல் செல்லும் டிஸ்ஸிங்டன் வழியை தேசிய பூங்கா நிர்வாகம் 1971-இல் திறந்தது. அதோடு வந்து கூடுகிற ஹை பீக் வழிதான் சரித்திரத்தில் விசித்திரமானது; ஏற்றம் மென்மையாக இருக்கும் என்று மேலே சொன்ன விதிக்கு அது விலக்கு. 1831-இல் முற்றுப்பெற்ற குராம்ஃபோர்டு – ஹை பீக் ரயில், இரண்டு கால்வாய்களை மலையைத் தாண்டி இணைப்பதற்காக ஏற்பட்டது. அதை வகுத்த ஜோசயாஸ் ஜெஸ்ஸப் கால்வாய் இஞ்சினீயர். கால்வாய்க்காரர் எப்படி நீண்ட சமதளமும் நடுநடுவே மதகுப் படிகளும் அமைப்பாரோ அப்படியே அவரும் நீண்ட சமதளங்களை வைத்து, படிகளுக்குப் பதிலாகச் செங்குத்தான சரிவுகளை அமைத்து, அவற்றின் உச்சியில் நிலையான நீராவி யந்திரங்களை நிறுத்தி, வண்டிகளைச் சங்கிலி கட்டி மேலே இழுக்கச் செய்தார். ஸ்டேஷன்களைக்கூடப் படகுத்துறை என்றே அங்கே அழைத்தார்கள். 1829-இல் செய்த அந்த யந்திரங்களில் ஒன்று மிடில்டன் உச்சியில் இன்னும் இருக்கிறது. அங்கே எட்டடிக்கு ஓர் அடி என்று இறங்கும் சரிவில் சைக்கிள்காரர் பெரும்பாலும் இறங்கி, இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகிறார்.

மூன்றாவது, 8 மைலுக்குச் சற்று மேற்பட்ட மான்ஸல் வழி. 1863-இல் மிட்லண்டு கம்பெனியார் வை ஆற்றின் பள்ளத்தாக்கைக் குறுக்கிட்டு ஐந்து வளைவுகளுடைய பாலத்தைக் கட்டியதைக் குறித்து, ஓர் ஊரார் அடுத்த ஊருக்குச் சற்று முன்னதாகப் போய்ச் சேருவதற்காகத் தெய்வீகமான ஒரு பள்ளத்தாக்கையே பலிகொடுத்துவிட்டார்கள் என்று கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் சீறினார். ரயில் 1968-இல் நின்றது. நின்ற இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பாலம் பாதுகாக்க வேண்டிய புராதனச் சின்னமாகப் பட்டியலில் ஏறிற்று. இன்று அப்பிரதேசத்துப் படங்களுக்கெல்லாம் முகப்பு அதுதான். ரஸ்கின் பிழையாகச் சொன்னார் என்று நான் கருதவில்லை. தொழில் நாட்டை விகாரப்படுத்துகிறது என்ற அவருடைய கோபம் நியாயமானதே. ஆனால் சுண்ணாம்புக் கல்லும் பாசியும் நூறாண்டுக் காலத்தில் செய்யக்கூடிய சமாதானத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நெடுங்காலம் இவ்வழியிலிருந்த பெரிய சுரங்கங்கள் அபாயமென்று அடைக்கப்பட்டுக் கிடந்தமையால், பாலத்தின் மறுமுனைக்கு வந்தவர்கள் மலையின்மேல் ஏறிச் சுற்றிப்போக வேண்டியிருந்தது. 2011 மே மாதத்தில் அவற்றைச் செப்பனிட்டு விளக்குப் போட்டுத் திறந்த பிறகே வழி முழுமையடைந்தது.

கிராமாந்தரத்தின் பொழுதுபோக்காக இருந்த இந்த விஷயத்தை அன்றாடப் பிரயாணத்தின் விஷயமாக மாற்றியவர்கள் பிரிஸ்டல் நகரத்துச் சில இளைஞர்கள். சைக்கிளுக்குச் சாலையில் இடம் கேட்டு 1977-இல் அவர்கள் ஒரு சங்கம் கூட்டினார்கள். அவர்களுள் முக்கியமானவர் ஜான் கிரிம்ஷா என்ற சிவில் இஞ்சினீயர். 1960-களில் மூடிய பிரிஸ்டல் – பாத் ரயில் பாதையில் புதர் மண்டிக் கிடந்ததைக் கண்டு, மனுப்போட்டுக்கொண்டிருப்பதைவிட மண்வெட்டியை எடுப்பது மேல் என்று துணிந்து, 1979-இல் பாத் நகரத்துப் பக்கத்தில் தாங்களே ஒரு துண்டைச் சமன்செய்து காட்டினார்கள். 13 மைல் வழி முற்றுப்பெற 1986 ஆயிற்று. சஸ்ட்ரான்ஸ் என்ற பெயரில் ஒரு தர்ம ஸ்தாபனமாக வளர்ந்த அச்சங்கம் வேறு பல ஜில்லாக்களிலும் பாதை போட்டது; 80-களில் வேலையில்லாதோருக்கு வேலை கொடுக்கும் அரசாங்கத் திட்டத்தில் வந்த ஆட்களின் உழைப்பு அதற்குப் பெருந்துணை. 1995-இல் லாட்டரி நிதியிலிருந்து 4 கோடி பவுனுக்கு மேல் மானியம் கிடைத்தபின், தேசிய சைக்கிள் வழித்தொடர் என்று பிரிட்டன் முழுவதும் பரவிய திட்டத்துக்கு இப்பாதைகளே முதுகெலும்பாயின.

பிரிஸ்டல் – பாத் வழியில் பிட்டன் என்னும் இடத்தில் அன்பர்கள் நடத்தும் நீராவி ரயில் ஒன்று, பழைய இரட்டைப் பாதையின் ஒரு பாதியில் ஓட, மறு பாதியில் சைக்கிள்கள் ஓடுகின்றன; ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. 2008-இல் இப்பாதையின்மேல் விரைவு பஸ் விடலாமென்று அதிகாரிகள் ஒரு யோசனை வெளியிட்டபோது எழுந்த எதிர்ப்பில் அந்த யோசனை மூலையில் போடப்பட்டது. வேலைக்குப் போகும் நேரத்தில் வேகமாக மணியடித்துக்கொண்டு வரும் சைக்கிள்காரருக்கும், நாயோடு உலாவப் போகும் முதியவருக்கும் அங்கே அடிக்கடி மனஸ்தாபம் உண்டாவதும் மெய்தான். வழி கூட்டம் தாங்கமாட்டாமல் இருப்பது அது வெற்றிபெற்றதன் லட்சணம். அகலப்படுத்துவதே அதற்குப் பரிகாரம்.

அதே பாத் நகரத்தின் தென்புறம் 2013 ஏப்ரலில் திறந்த இரட்டைச் சுரங்க வழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பால் செல்ல மனமில்லை. அதிலுள்ள கூம் டௌன் சுரங்கம் 1,829 கஜம், அதாவது ஒரு மைலுக்குமேல். பிரிட்டனில் நடந்தும் சைக்கிளிலும் போகக்கூடிய சுரங்கங்களில் இதுவே நீளமானது. ஒற்றைப் பாதைக்கு என்று குறுகலாகக் குடைந்தது. இடையில் காற்றுப்போக்கிக் குழாய் ஒன்றுகூட வைக்கவில்லை. 1929 நவம்பரில் ஒரு கூட்ஸ் வண்டி பாரமிகுதியால் இதனுள்ளே ஊர்ந்து ஏறியபோது, எஞ்சின் ஆட்கள் புகையில் மூச்சுத் திணறி மூர்ச்சை போட்டார்கள். சுரங்கத்தைத் தாண்டியதும் சரிவில் கட்டுக்கடங்காமல் ஓடிய வண்டி பாத் நகரத்து யார்டில் மோதிக் கவிழ்ந்து மூவர் மாண்டனர். அப்படி உயிரைக் குடித்த சுரங்கத்தில் இன்று குறைந்த வெளிச்சமுள்ள விளக்குகள் எரிய, ஆள் வருவதை உணர்ந்து மெல்லிய வாத்தியம் ஒலிக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சுவரில் கையை வைத்தால் பழைய எஞ்சின்களின் கரி இன்னும் விரலில் ஒட்டும்.

வழியின் இருமருங்கிலும் வளரும் தாவரங்களிலும் ரயிலின் சரித்திரம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு ராக்வொர்ட் என்ற மஞ்சள் பூச்செடியின் பூர்வீகம் சிசிலித் தீவின் எட்னா எரிமலை. ஆக்ஸ்ஃபோர்டுத் தாவரத் தோட்டத்தில் வளர்ந்த அது சுவர் தாண்டி ஊருக்குள் பரவி, 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வந்ததும், பாதையில் கொட்டிய கரிக்கட்டியும் ஜல்லியும் தன் தாய்நாட்டு எரிமலைச் சாம்பலைப்போலவே இருக்கக் கண்டு, தண்டவாளத்தையே பற்றிக்கொண்டு தேசம் முழுவதும் பிரயாணம் செய்துவிட்டது.

இனி, குறையைச் சொல்ல வேண்டும். மாலையில் நூல் ஓரிடத்தில் அறுந்தால் பூக்கள் இருந்தும் மாலை இல்லை, இருப்புப்பாதையும் அப்படித்தான். அதன் மதிப்பு முழுவதும் இடையறாத தொடர்ச்சியில் இருக்கிறது. பத்து மைல் பாதையில் நூறு கஜத்தை ஒருவருக்கு விற்று, அவர் அதில் வீடு கட்டிவிட்டால், மற்ற நிலம் அவ்வளவும் நீளமான ஒரு புறம்போக்காகிவிடுகிறது. 60-களில் ரயில்வே நிர்வாகம் செய்தது இதுவே. நஷ்டத்தை ஈடுசெய்யும் அவசரத்தில் துண்டு துண்டாக நிலத்தை அடுத்த வயல்காரர்களுக்கு விற்றது. இரும்புப் பாலங்களைக் கழற்றி எடைக்குப் போட்டது. வாங்கிக்கொள்ள மனமிருந்த ஸ்தல ஸ்தாபனங்களும் பாலங்களைப் பராமரிக்கும் செலவுக்கு அஞ்சிப் பின்வாங்கின. ஹல் சர்வகலாசாலையின் பூகோள ஆசிரியர் ஜே ஆப்பிள்டன், அரசாங்கத்தின் கிராமாந்தர கமிஷனுக்காக இவ்வழிகளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது 1970-இல். கிரிம்ஷா போக்குவரத்து இலாகாவுக்காக மறுபடி ஆராய்ந்தது 1982-இல். வீடு இடிந்த பிறகு வந்த மேஸ்திரிகளின் கதிதான் இருவருக்கும்.

லாங்டெண்டேல் வழியில் போகிறவர் இதன் பலனைக் கண்ணால் பார்க்கலாம். அவ்வழி அமைந்த, மான்செஸ்டரையும் ஷெஃபீல்டையும் இணைத்த உட்ஹெட் பாதை 1981-இல் மூடப்பட்டது. அதன் முதல் சுரங்கம் 1845-இல் முடிவதற்குள் முப்பதுக்கு மேற்பட்ட கூலிகள் மடிந்தனர். அங்கே சாவின் விகிதம் வாட்டர்லூ யுத்தத்தைவிட அதிகமென்று சுகாதாரச் சீர்திருத்தக்காரரான எட்வின் சாட்விக் கணக்கிட்டுக் காட்டினார். மூன்று மைல் நீளமுள்ள அங்குள்ள சுரங்கங்கள் மின்சாரக் கம்பிகளுக்கு இடமாகிவிட்டன. ஏரிகளின் ஓரமாகச் சமதளத்தில் சுகமாக மிதித்துக்கொண்டு வந்த சைக்கிள்காரர், மூடிய சுரங்கவாயிலின் முன்னே நின்று, அங்கிருந்து காற்றடிக்கும் மலைமேட்டின்மேல் ஏறிக் கடக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்கர்கள் இவ்விஷயத்தில் புத்திசாலிகள். விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் எல்ராய் – ஸ்பார்ட்டா என்ற 32 மைல் பாதையை, மூன்று சுரங்கங்களோடும் ராஜ்ய அரசாங்கமே 60-களில் விலைக்கு வாங்கிச் சைக்கிள் வழியாக்கியது. 1983-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று: ரயில் கம்பெனி நிறுத்த விரும்பும் பாதையைப் பராமரிக்க ஒரு ஸ்தாபனம் முன்வந்தால், அப்பாதை கைவிடப்பட்டதாகவே கருதப்படமாட்டாது, பிற்காலத்தில் ரயில் மறுபடி வேண்டியிருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவரை ஜனங்கள் நடக்கலாம். ரயில் போனால் நிலம் தங்களுக்கே திரும்ப வேண்டுமென்று வழக்காடிய பக்கத்து நிலச்சொந்தக்காரர்களின் கட்சியைக் கேட்ட சுப்ரீம் கோர்ட், 1990-இல் இச்சட்டம் செல்லுமென்றே தீர்ப்பளித்தது. நஷ்டஈடு கோரும் உரிமையை மட்டும் அவர்களுக்கு விட்டுவைத்தது.

ரயில் மறுபடி வேண்டியிருக்குமா என்று ஏளனமாகக் கேட்டவர்களுக்கு ஸ்காட்லந்து பதில் சொல்லிவிட்டது. 1969-இல் மூடிய வேவர்லி பாதையில் எடின்பரோவின் புறநகரிலிருந்து ட்வீட்பாங்க்வரை சுமார் 30 மைல், 2015 செப்டம்பரில் ரயிலுக்கே திரும்பிற்று. இடைக்காலத்தில் எடின்பரோவின் புறவழிச் சாலை பழைய தடத்தை வெட்டிக்கொண்டு போயிருந்ததால், அவ்விடத்தில் புதிதாக வழி குடைந்து பாலம் அமைக்க வேண்டியதாயிற்று. மான்ஸல் வழியிலும் ரயிலைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்று ஒரு சாரார் கேட்கிறார்கள், நடப்பவர்கள் கூடாதென்கிறார்கள். இந்த வழக்கில் நான் எந்தக் கட்சியும் சேரமாட்டேன். ஆனால் இருதிறத்தாரும் சண்டையிடுவதற்கு ஒரு தடம் மிஞ்சியிருப்பதே அதை நடைவழியாகக் காப்பாற்றியவர்களின் உபகாரம் என்பதை ரயில் கட்சிக்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழைய பாதைகளைச் சேர்ந்த பாலங்கள், சுரங்கங்கள் முதலியவை மூவாயிரத்துக்குமேல் இன்று இங்கிலாந்தின் அரசாங்க நெடுஞ்சாலை நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கின்றன. கம்பிரியாவில் கிரேட் மஸ்க்ரேவ் கிராமத்திலிருந்த 1862-ஆம் ஆண்டுக் கல்பாலத்தின் வளைவுக்குள்ளே, பலவீனமாயிருக்கிறதென்று காரணம் சொல்லி, அந்நிறுவனம் 2021-இல் கல்லும் கான்கிரீட்டும் சுமார் 1,600 டன் கொட்டி அடைத்துவிட்டது. இருபுறத்திலும் பழைய ரயிலை ஓட்டிவரும் அன்பர்கள் என்றேனும் ஒருநாள் அவ்வளைவின் வழியே ஒன்றுகூடலாமென்று நம்பியிருந்தார்கள். ஊரார் ஆட்சேபிக்க, ஸ்தல சபை அனுமதி மறுக்க, கொட்டியதையெல்லாம் 2023-இல் அவர்களே தோண்டி எடுக்கும்படி ஆயிற்று. அந்தப் பாலம் தப்பியது ஒரு ஜில்லா சபையின் உறுதியால். தேசச் சட்டத்தால் அன்று. மூடிய ரயில்வழியை ஒரே கையில் முழுமையாக வைத்திருக்க வேண்டுமென்று அமெரிக்காவில் உள்ளதுபோன்ற சட்டம் பிரிட்டனில் இன்னும் ஏற்படவில்லை.